எருமையைக் காக்க வைத்த நடை

எமதர்மராஜனை எங்கள் வீட்டு வாசலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், காலைக் காப்பியிலிருந்து சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை நிற்க வைத்தவன் நான். உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை. எங்களுடையது மூன்றாவது மாடி. அவருடைய எருமை லிஃப்டில் ஏற மறுத்துவிட்டது. கீழேயே நின்று நின்று அலுத்துப்போய், என் ஸ்கூட்டரின் சீட்டைத் தின்ன ஆரம்பித்தது. உள்ளேயிருந்த ஸ்பஞ்சைக்கூட விட்டுவைக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் பாளையங்கோட்டைக்கு வந்து பார்க்கலாம். ஸ்கூட்டர் இன்னும் சீட் இல்லாமல்தான் நிற்கிறது.

அவரைத் தடுக்க நான் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. நடந்தேன். எங்கள் ஹாலில், ஜன்னலைப் பார்த்தபடி, நின்ற இடத்திலேயே நடந்தேன்.

இதைக் குடியிருப்புப் பூங்கா பெஞ்சில் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். அன்றைக்கு நாள் முழுக்க அந்த ஹாலில் என்னோடு இருந்த ஒரே ஆள் மட்டும் தலையை ஆட்டுவான். என் மைத்துனன், டாக்டர் ஆவுடையப்பன். "அத்தான் சொல்லுதது அத்தனையும் பொய்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஊரறிந்த இதய டாக்டர் சொன்ன பிறகு, ரிட்டயரான முத்திரை ஆய்வாளன் பேச்சு எங்கே எடுபடும்?

முத்திரை ஆய்வாளர் என்றால் பத்திரம் விற்கிறவர் இல்லை. கடைத் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் ஈயத்தில் முத்திரை குத்துகிறவர். நான் வேலையில் இருந்த காலத்தில் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலே தக்காளிகள் பயந்துபோய் தாமாக எடை கூடும். ஒரு கோழிக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தராசை விழுங்கிவிட்டார். மூன்று நாள் கழித்து மருத்துவமனையில் வைத்துத்தான் முத்திரை குத்தினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி செண்பகவல்லிக்கு இதயத் தசை தளர்ந்துகொண்டே வந்தது. தினமும் நடந்தால் தாக்குப்பிடிக்கும் என்று ஆவுடை சொன்னான். அவளுக்கோ இரண்டு முழங்காலும் அதற்கு முன்பே போயிருந்தன. அறுவை சிகிச்சை செய்யலாம் என்றால் இதயம் தாங்காது. இதயத்துக்கு நடை வேண்டும், நடைக்கு முழங்கால் வேண்டும், முழங்காலுக்கு இதயம் வேண்டும். மூன்று அரசாங்க அலுவலகங்கள் மாற்றி மாற்றி ஒரே கோப்பை அனுப்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

வண்ணார்பேட்டையில் நித்யநடை என்று ஒரு கடை. உடற்பயிற்சிக் கருவி மட்டும்தான் விற்பார்கள். அங்கே போனோம். கடையின் மேலாளர் ஜெரால்டின் என்ற அம்மாள் ஒவ்வொன்றாகக் காட்டினார். நிற்கிற சைக்கிள், படுக்கிற சைக்கிள், தண்ணீரே இல்லாமல் துடுப்புப் போடுகிற படகு, தூக்கில் தொங்குவதற்கென்றே செய்தது போல ஒரு கம்பி.

"இந்த டிரெட்மில் எப்படி?" என்றேன்.

"நல்ல மாடல் சார். மடக்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளிரலாம்."

"தள்ளுறதுக்கு எதுக்கு வாங்கணும்?" என்றாள் செண்பகம், சக்கர நாற்காலியில் இருந்தபடி. "எங்க எதுத்த வீட்டுல ஒண்ணு கிடக்கு. கைப்பிடியில துண்டு, பெல்ட்டுல வடகம். இவுகளும் அதைத்தான் செய்யப் போறாக."

"அம்மா, துணி காயப்போட முடியாத மாடலும் இருக்கு. கைப்பிடியே கிடையாது" என்றார் ஜெரால்டின் முகம் மாறாமல். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். அதில் இரண்டு கைப்பட்டைகள். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு.

"அடி எண்ணிக்கை சொல்லுற பட்டையா? அது என் பேரன் வயசுப் பையன் எல்லாம் கட்டிக்கிட்டுத் திரியுதானே" என்றேன். எனக்குப் பேரன் கிடையாது, பேச்சுக்குச் சொன்னேன்.

"எண்ணுறது இல்ல சார், கொடுக்கிறது. நாம நடக்கும்போது தசை ரத்தத்துக்கு ஒரு சேதி அனுப்புது. 'இங்க ஒருத்தன் உழைக்கான், இதயமே நீ பலமாகு, சர்க்கரையே நீ எரி'ன்னு. உடற்பயிற்சியோட பலன் எல்லாமே அந்தச் சேதிதான். கறுப்புப் பட்டை அதைப் பிடிச்சு எடுக்கும். சிவப்பு அதை இன்னொருத்தர் உடம்புக்குள்ள விடும். நீங்க நடந்தா அம்மாவுக்கு நடந்த பலன்."

"அப்போ நடந்தவனுக்கு?"

ஜெரால்டின் கொஞ்சம் யோசித்தார். "நடந்த திருப்தி சார்."

செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கடைக்குப் போவதும் அவள் சாப்பிடுவதும் அப்படித்தானே நடக்கிறது என்றாள். டிரெட்மில்லையும் பட்டைகளையும் அன்றைக்கே வாங்கிவிட்டோம்.

மறுநாளிலிருந்து நடந்தேன். ஜன்னலுக்கு முன்னால் டிரெட்மில், பக்கத்தில் அவள் நாற்காலி. ஹாலை விட்டு நகராமலே காசிக்குப் போய் வந்தேன், கைலாயத்தைச் சுற்றினேன், திரும்பும் வழியில் இலங்கையையும் ஒரு எட்டுப் பார்த்தேன். செண்பகம் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வேகமா நடங்க, நேத்து மைசூர்பாக் தின்னேன்லா" என்பாள்.

ஆனால் அவள் முகத்தில் தெளிவு வரவில்லை. எனக்குப் பழைய புத்தி விழித்துக்கொண்டது. கையில் எதைக் கொடுத்தாலும் எடை சரியா என்று பார்க்கிற புத்தி. ஆவுடையின் கருவிகளை வாங்கி, எனக்குள்ளிருந்து போவதையும் அவளுக்குள் சேர்வதையும் அளந்து பார்த்தேன். என்னிடம் படியில் அளந்து எடுத்துவிட்டு, அவளுக்கு ஆழாக்கில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தது அந்தப் பட்டை. திருகிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு சின்ன முத்திரை. ஆயுள் முழுக்க முத்திரை குத்தியவனிடம் ஒரு முத்திரையைக் காட்டலாமா? குறைத்தராசு வைத்திருப்பவனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில், ஊசியால் நெம்பி உடைத்து, உள்ளே இருந்த திருகாணியை முழுசாகத் திறந்துவிட்டேன்.

ஆவுடை கேள்விப்பட்டு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அத்தான், என்ன காரியம் செஞ்சிருக்கிய! கம்பெனிக்காரன் ஏமாத்துறதுக்கா அந்த முத்திரையை வச்சான்? அது மதகு. ஒரு ஆளோட இதயத்தை இன்னொரு ஆளோட காலோட முழுசாக் கட்டக் கூடாதுன்னு வச்ச மதகு."

"எடை இப்போ சரியா இருக்கா இல்லையா?"

"எடை சரியாத்தான் இருக்கு. நாளைக்கு நீங்க தடுக்கி விழுந்தா அக்காவுக்கு என்ன ஆகும்?"

"நான் விழ மாட்டேன், மாப்ள. நான் விழணும்னா பூமி அனுமதி கேக்கணும்."

செண்பகம் ஆச்சரியமாகத் தேறினாள். கன்னத்தில் ரத்தம் வந்தது. படுக்கையிலிருந்து தானாக எழுந்து உட்கார்ந்தாள், தோசை கருகினால் சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டினாள். நான் ஜன்னலைப் பார்த்தபடி நடக்கையில் என் ஒவ்வொரு அடியும் அவளுக்கு நெஞ்சில் கேட்குமாம். "இப்போ வலது காலைத் தேச்சுத் தேச்சு வைக்கிய. ஆணி குத்துதா?" என்பாள் கண்ணை மூடிக்கொண்டே. நான் மெலிந்தேன். என் சட்டைக்குள் இன்னொரு ஆளை வாடகைக்கு வைக்கலாம் போல ஆனது. நகங்கள் உதிர்ந்தன. எவ்வளவு நடந்தும் என் உடம்புக்கு நடந்ததே தெரியவில்லை, தேய்ந்தது மட்டும் தெரிந்தது. அதனால் என்ன? எடை சரியாக இருந்தது.

பிறகு எனக்கு டெங்கு வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. ஜெரால்டினுக்குப் போன் செய்தேன்.

"கவலைப்படாதீங்க சார், எங்க நடைக்கூடத்துல ஆள் இருக்கு. உங்க கறுப்புப் பட்டையோட இணைப்பை மட்டும் இங்க மாத்திக்கிடுதேன்."

அந்த நாட்களில் செண்பகம் வாடவில்லை. ஆனால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "இன்னைக்கு நடந்தது யாரு?" என்றாள்.

"கம்பெனி ஆளு."

"பொம்பள. இடது கால் நொண்டுதா. வலிய அடக்கிக்கிட்டு நடக்கா. எனக்கு இங்க தெரியுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "போய் யாருன்னு பாத்துட்டு வாங்க."

காய்ச்சல் கொஞ்சம் விட்டதும் ஆவுடை காரில் என்னை அழைத்துப் போனான். மேலப்பாளையத்துக்கு அந்தப்பக்கம், ஒரு பழைய பீடி இலை குடோன். புகையிலை வாடை இன்னும் போகவில்லை. உள்ளே வரிசை வரிசையாக டிரெட்மில்கள். எல்லாவற்றிலும் பெண்கள், முன்பு அதே இடத்தில் பீடி சுற்றியவர்கள். யாரும் யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கறுப்புப் பட்டைகள், வளைகாப்புக்கு அடுக்கிய வளையல்கள் மாதிரி. இந்த இடத்தில் எனக்கு மிகைப்படுத்த எதுவும் இல்லை. உள்ளதே அவ்வளவு இருந்தது.

நொண்டி நடந்தவள் பெயர் முப்பிடாதி. நடையை நிறுத்தாமலே பேசினாள்.

"நீங்கதான் அந்த அம்மா வீட்டுக்காரரா? நல்ல கனம் சார் உங்க பட்டை. மத்ததெல்லாம் கிள்ளி எடுக்கும், உங்களது அள்ளிக்கிட்டுப் போகுது."

"மத்ததெல்லாம் யாரு?"

"இது ஒரு வக்கீலு. இது நகைக்கடைக்காரரோட அம்மா. இது ஆருன்னே தெரியாது, கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்திருப்பாரு போல, முகூர்த்த நாள்னா எனக்குத் துடை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்." சிரித்தாள்.

ஆவுடை குனிந்து அவள் இடது பாதத்தைப் பார்த்தான். பெருவிரல் பக்கம் கறுத்திருந்தது. "சர்க்கரை இருக்காம்மா?"

"இருக்கு டாக்டர். நாள் பூரா நடக்கேன், ஆனா இறங்க மாட்டேங்கு. இறங்க வேண்டியதெல்லாம் அவுக வீட்டுல போயில்லா இறங்குது."

"இதெல்லாம் எப்பம்மா கழத்துவாங்க?" என்றேன்.

"அவுக செத்தாத்தான் சார்" என்றாள், சாதாரணமாக. "போன மாசம் ஒரு மிராசுதார் போனாரு. அந்தப் பட்டையக் கழத்துன அன்னைக்கு எனக்குக் கை காத்து மாதிரி ஆயிருச்சு. அவரு நல்லாயிருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் செண்பகம் கை நீட்டினாள். "கழத்துங்க. நீங்க நடந்தா நான் இருக்கேன். இல்லன்னா போறேன். இன்னொருத்தி நடந்து நான் இருக்க வேண்டாம்." அதோடு முப்பிடாதி கையில் இருந்த எங்கள் இணைப்பு அறுந்தது. நான் பாதிக் காய்ச்சலோடு மறுபடியும் ஏறினேன்.

அதன் பிறகு ஒரு மழைக்காலம் வரைக்கும் அவளை நடத்திவிட்டேன். என் கால் என்ன நடந்தாலும், அவள் இதயம் வாங்கிக்கொள்ளும் அளவு குறைந்துகொண்டே போனது. பாத்திரமே ஓட்டை என்றான் ஆவுடை. ஒரு நாள் ராத்திரி அவளுக்கு மூச்சு முட்டியது. மகள் லோசனி கவுகாத்தியில் வேலை பார்த்தாள். போன் செய்தோம். விடிகாலை விமானத்தில் கிளம்பினாள். சென்னையில் மாறி, தூத்துக்குடியில் இறங்கி, சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொன்னாள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. லோசனியின் கல்யாணத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசக்கூடாததைப் பேசியிருந்தார்கள். "வந்ததும் நானே மொதல்ல பேசிருதேன். அவ வறட்டுப் பிடிவாதக்காரி" என்றாள் செண்பகம். அந்த வறட்டுப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

காலையில் காப்பி குடித்தோம். ஆவுடை சோபாவில் பேப்பர் பார்த்தான். நான் நடந்துகொண்டிருந்தேன். மகள் வருகிற சந்தோஷத்தில் கால் கொஞ்சம் ஓடியிருக்க வேண்டும்.

"மெதுவா நடங்க. எனக்கு மூச்சு வாங்குது" என்றாள் செண்பகம்.

மெதுவாக நடந்தேன். அதன் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

ஆவுடைதான் முதலில் நிமிர்ந்து பார்த்தான். எழுந்து போய் அவள் கண் இமையைத் தூக்கி, டார்ச் அடித்தான். கன்னத்தைத் தட்டினான். மறுபடி டார்ச் அடித்தான். டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"இறங்குங்க அத்தான். அக்கா போயிட்டா."

கடைசியாகச் செய்கிற காரியமாக அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றுவிட்டான். நான் இன்னும் இறங்கவில்லை. கால் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் வேகமா நடங்க."

நடந்தேன்.

"இப்போ நிறுத்துங்க."

நிறுத்தினேன். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மணிக்கட்டில் அவன் விரல்கள் எதையோ தேடித் தேடி அழுத்தின.

"நடங்க!" என்று கத்தினான். "அத்தான், நடங்க!"

நடந்தேன். எமதர்மராஜன் வாசலுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். கையில் கயிறு, முகத்தில் அலுப்பு. உள்ளே எட்டிப் பார்த்தார். போக வேண்டியவள் போய்விட்டாள், ஆனால் கணக்கு முடியவில்லை. அவர் சர்வீஸில் அப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை. கொஞ்சம் இரும் ஐயா, மகள் வரட்டும் என்றேன்.

நான் மூச்சு இழுத்தால் செண்பகத்தின் நெஞ்சு ஏறியது. விட்டால் இறங்கியது. கை வெதுவெதுப்பாகவே இருந்தது. ஆவுடை அவள் நாடியை விடாமல் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். இடையில் ஒருமுறை சொன்னான்:

"அத்தான், தப்பா நினைக்காதிய. இது அக்கா இல்ல. கண்ணுல ஒண்ணும் இல்ல, மூளையில ஒண்ணும் இல்ல. இது உங்க காலு. அவ்வளவுதான்."

"லோசனி வந்து தொடும்போது கை சூடா இருக்கணும், மாப்ள. நான் கேக்கது அவ்வளவுதான்."

அவன் நாடியை விட்டு எழுந்து போனான். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மத்தியானம் கரண்ட் போனது. டிரெட்மில் நின்றது. நான் நிற்கவில்லை, குதித்து இறங்கி ஹாலையே சுற்றி வந்தேன். சாப்பாட்டு மேஜை, சோபா, சாமி அலமாரி, மறுபடி மேஜை. நான் நடந்த தடத்தில் டைல்ஸ் முழங்கால் அளவுக்குப் பள்ளம் விழுந்து, கீழ்வீட்டுக்காரர் கூரையில் என் பாதம் தெரிந்ததாகப் புகார் செய்தார். இடது காலில் ஏதோ ஒன்று நூல் மாதிரி அறுந்தது. வலிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காலை நான்தான் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

அப்போது போன் அடித்தது. ஜெரால்டின். நான் நடந்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், உங்க ரெண்டு பட்டையும் இங்க ஒரே மாதிரி காட்டுது. அம்மா பட்டையில நாடி மட்டும் இருக்கு, வேற ஒண்ணுமே திரும்பி வரல. சார்... அம்மா இருக்காங்களா?"  நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "இல்லன்னா நீங்க கஷ்டப்பட வேண்டாம் சார். கூடத்துல ஆள் இருக்கு, மாத்தி மாத்தி நடக்கச் சொல்லுதேன். எத்தனை நாள் வேணும்னாலும். எத்தனை வருஷம் வேணும்னாலும். எங்க அம்மா போனப்ப இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரியாமப் போச்சே சார். தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?"

அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கால் போய்விட்டது. சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

ஆவுடை பாய்ந்து போனை எடுத்தான்.

"நான் டாக்டர் ஆவுடையப்பன் பேசுதேன். எங்க அக்கா காலையிலேயே இறந்துட்டா. நாடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க பட்டை கெட்டுப்போய் இவரு நடையையே ரெண்டு தடவை காட்டுது. இவரு புத்தி பேதலிச்சு நடந்துக்கிட்டிருக்காரு. இதை நான் எங்க வேணும்னாலும் எழுதித் தாரேன்."

சொல்லிவிட்டுப் போனை அணைத்தான். மறுபடி உட்கார்ந்து, அதே விரல்களை அதே மணிக்கட்டில் வைத்துக்கொண்டான்.

"பொய் சொல்லுதியே மாப்ள" என்றேன்.

"நீங்க நடங்க" என்றான்.

லோசனி வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வந்தாள். பையைக் கதவருகே போட்டுவிட்டு நேராக அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். "அம்மா, நான்தான். கை சூடா இருக்கேம்மா" என்றாள். பிறகு இரண்டு வருஷத்தையும் மெல்லிய குரலில் கொட்டினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நடந்தேன். கொஞ்சம் காதில் விழுந்தது, விழாதது மாதிரி நடந்தேன்.

"அப்பா எதுக்கு மாமா நடந்துக்கிட்டே இருக்காங்க?"

"அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்மா" என்றான் ஆவுடை.

வெளியே விளக்குகள் எரிந்தன. கரண்ட் வந்திருந்தது. ஆவுடை என்னைப் பார்த்துத் தலையசைத்தான். போதும் என்று அர்த்தம். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கால் என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. நானும் அதனிடம் எதுவும் சொல்லவில்லை.

லோசனிதான் நிமிர்ந்து பார்த்தாள். தன் கையை அம்மாவின் நெஞ்சில் வைத்திருந்தாள்.

"அப்பா, மெதுவா நடங்க. அம்மாவுக்கு மூச்சு வாங்குது."

மெதுவாக நடந்தேன். அதைவிட மெதுவாக நடந்தேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் மகள் அம்மா காதில் ஏதோ சொல்லி முடித்தாள். பிறகு நான் காலை எடுத்து வைக்கவில்லை.

"போயிட்டா" என்றான் ஆவுடை, அன்றைக்கு இரண்டாவது முறையாக. லோசனிக்கு அது முதல் முறை.

அன்றைக்கே அவன் இரண்டு பட்டைகளையும் சமையலறை மேடையில் வைத்து, என் அலமாரியில் ஞாபகத்துக்கு வைத்திருந்த இரும்புப் படிக்கல்லால் அடித்துத் தூளாக்கினான். மறுநாள் காலையில் என் கால்கள் ஓய்வு பெற்றன. எனக்குக் கொடுத்த மாதிரி சால்வை, பிரிவு உபசாரம் எதுவும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். இப்போது செண்பகத்தின் சக்கர நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குப் பட்டையில் தெரிந்த நாடியைப் பற்றி விசாரிக்க நித்யநடையிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்தார்கள். ஆவுடை அவர்களிடமும் அதையே சொன்னான். நாடி இல்லை, பட்டை கோளாறு, அத்தானுக்கு மனசு சரியில்லை. அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அவன் மேல் ஆறாத கோபம். தராசில் கண் முன்னால் நின்ற எடையை இல்லை என்று சொல்கிறானே! ஆகவே உட்கார்ந்து, ஒரு வார்த்தை கூட்டாமல், நடந்ததை நடந்தபடி எழுதினேன். உடைந்த முத்திரையிலிருந்து கடைசி அடிவரை. ஒரு நல்ல அறிவியல் பத்திரிகைக்கு அனுப்புவதாகத் தீர்மானம். அனுப்புவதற்கு முன் அவனை வரச்சொல்லி முழுவதையும் படித்துக் காட்டினேன். அவன் முகம் சிறுத்துப்போவதைப் பார்க்க ஆசை.

முழுவதையும் கேட்டுவிட்டு, "முப்பிடாதியை நேத்துப் பாத்தேன்" என்றான்.

"எப்படியிருக்கா?"

"என் ஆஸ்பத்திரியிலதான். காலை எடுத்தாச்சு. அவ இடத்துல இப்போ அவ மக நடக்கா. அதே வக்கீலு, அதே நகைக்கடை அம்மா." பேப்பர்களை என் மடியில் வைத்தான். "அவ ஒரு வார்த்தை சொன்னா, ஞாபகம் இருக்கா? செத்தாத்தான் கழத்துவாங்கன்னு. அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே விடுதலை அதுதான் அத்தான். இதை நீங்க இப்படியே போட்டா, அந்த வக்கீலு சாகவே மாட்டாரு. அவரு மகன் விட மாட்டான். பாசத்துலதான் விட மாட்டான், உங்களை மாதிரி. முப்பிடாதி மக நடப்பா, அவ மக நடப்பா. ஒரு குடோன் பத்தாது. ஊருக்கு ஊரு பிணத்தைச் சூடா வச்சுக்கிட்டு உயிரோட இருக்கவ தேஞ்சுக்கிட்டிருப்பா."

 அன்றைக்குப் போனில் அழுத ஜெரால்டின் குரல் என் காதில் கேட்டது.

"அப்போ கிழிச்சுப் போடட்டுமா?"

"கிழிக்காதிய. நீங்க சொல்லாம இருக்க மாட்டிய, அது எனக்குத் தெரியும்." அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, அக்கா ஜாடையில். "உங்க வழக்கப்படி எழுதுங்க. ஒரு எருமையைப் போடுங்க."

"எந்த எருமை?"

"எமன் எருமைதான். முதல் வரியிலேயே போடுங்க. கீழ உங்க ஸ்கூட்டர் சீட்டை நாய் கடிச்சு வச்சிருக்குல்லா, அதையும் எருமை தலையில கட்டுங்க. அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு உண்மையைச் சொன்னாலும் ஒரு பய நம்ப மாட்டான். வேணும்னா நான் சொன்னதையும் சேத்துக்கிடுங்க. எருமைக்குப் பக்கத்துல நின்னா நானும் கதைதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு சிரிப்பு இல்லாத வேறொன்று வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதுதேன். ஊருக்கு என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ. எனக்கு மட்டும் ஒண்ணு சொல்லு மாப்ள. அன்னைக்கு அது நடந்துச்சா, இல்ல நான்தான் பைத்தியக்காரனா?"

ஆவுடை தன் வலதுகை விரல்கள் இரண்டையும் பார்த்தான். அவற்றைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிக்கொண்டான்.

"நடந்துச்சு அத்தான்" என்றான். "நீங்க நிறுத்துன பொறவும், உங்க காலு இல்லாமலே, அக்கா நாடி ரெண்டு தடவை துடிச்சுது."